கொள்ளுத்தாத்தா ‘மெம்பர்’ என்றால், எதில் மெம்பர்?

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தா பழைய தென்னார்க்காடு ஜில்லாவில் விவசாயக் குடும்பத்துப் பெரியவர். 1920களில் ‘மெம்பராகவும் பிரசிடென்டாகவும்’ இருந்தார், ராவ் பகதூர் பட்டம் வாங்கினார் என்று வீட்டில் சொல்வார்கள். கையில் இருப்பது ஒரு போட்டோவும், அவர் பெயருக்கு முன்னால் ‘எம்.ஆர்.ஆர்.ஒய்.’ என்று அச்சிட்ட ஓர் அழைப்பிதழும்தான். அவரைப் பற்றிச் சிறு நூல் போட விரும்புகிறோம். எல்லா ஆவணங்களையும் எடுத்துத் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் எடுத்துத் தரப்போவதாகச் சொல்வதில் பெரும்பகுதி அச்சில் வெளியானது. நூலகத்தில் உட்கார்ந்து நீங்களே பார்த்துவிடலாம்.

முதலில் அழைப்பிதழ். ‘எம்.ஆர்.ஆர்.ஒய்.’ என்பது பட்டம் அல்ல. ‘மகாராஜராஜஸ்ரீ’ என்பதன் சுருக்கம். இன்று ‘திரு’ போடுவது போல அன்றைய அரசாங்கத் தாள்களில் மரியாதைக்குப் போட்டது. பெயருக்குப் பின்னால் ‘அவர்கள்’ என்றும் சேர்த்திருப்பார்கள். இதை ராஜ விருது என்று நம்பி நினைவு மலரின் அட்டையில் போட்டுவிடும் குடும்பங்கள் உண்டு. நீங்கள் போட்டுவிடாதீர்கள்.

அடுத்து, எந்த மெம்பர் என்று தீர்மானிக்க வேண்டும். தேடல் தடம் மாறுவது இங்கேதான். அந்தக் காலத்தில் யூனியன் போர்டு (சில கிராமங்களுக்குச் சேர்த்து ஒன்று), தாலுகா போர்டு, ஜில்லா போர்டு, சென்னை சட்டசபை, கோயில் கமிட்டி, கூட்டுறவு சங்கம் எல்லாவற்றிலும் மெம்பர் உண்டு. ஊரார் வாயில் எல்லாமே ‘மெம்பர்’தான். யூனியன், தாலுகா, ஜில்லா என்ற மூன்றடுக்கு உள்ளாட்சி போர்டுகள் 1884ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தவை. 1920இல் புதிய சட்டம் வந்தது. தாலுகா போர்டுகள் 1934இல் ஒழிக்கப்பட்டன. ஆகவே 1938இல் தாலுகா போர்டு மெம்பராக இருந்தார் என்று யாராவது எழுதித் தந்தால் அது தவறு. 1905இல் ஜில்லா போர்டு பிரசிடென்ட் என்றாலும் தவறு. அப்போது அந்த நாற்காலி கலெக்டருடையது. ஊர்க்காரர்கள் அந்த இடத்துக்கு வந்தது முதல் உலகப் போர்க் காலத்தில்தான்.

இதில் ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். உங்கள் கொள்ளுத்தாத்தா கிராம முன்சீப்பாக, அதாவது வரி வசூலைப் பார்த்த ஊர்த் தலைமை அலுவலராக, இருந்தாரா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். 1884ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு யூனியனில் அடங்கிய கிராமங்களின் முன்சீப்புகள் பதவி வழியாகவே அந்த யூனியன் பஞ்சாயத்தில் உறுப்பினர்கள். தேர்தலில் நின்றதும் இல்லை, தனியாக யாரும் நியமித்ததும் இல்லை. ஆகவே தேர்தல் அறிவிப்பில் அவர் பெயர் இருக்காது. நியமன அறிவிப்பிலும் இருக்காது. ‘மெம்பராக இருந்தார்’ என்ற வீட்டுப் பேச்சோ உண்மையாகவே இருக்கும். இந்த அறிவிப்புகள் வெளியாகும் கெஜட்டில் (அரசிதழில்) பெயர் இல்லை என்றதும் ‘தாத்தா கதை பொய்’ என்று முடிவுகட்டி, அதைத் தம்பட்டம் அடித்துத் திரிகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. முன்சீப் என்றால் வருவாய்த் துறைத் தாள்களைத் தேடுங்கள்; போர்டு தாள்களில் தேடிச் சலிக்காதீர்கள்.

சட்டசபை மெம்பராக இருந்திருந்தால் வேலை எளிது. 1919ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டத்தின் கீழ் சென்னை மாகாணத்தில் நடந்த பொதுத் தேர்தல்கள் நான்கே: 1920, 1923, 1926, 1930. கடைசியாக அமைந்த சபை 1937 தேர்தல் வரும்வரை நீடித்தது. உறுப்பினர் பட்டியலைப் பார்த்தால் இருந்தாரா இல்லையா என்பது ஒரே நாளில் தெரிந்துவிடும். இருந்தால், சபை நடவடிக்கைத் தொகுதிகளின் சுட்டியில் (பெயர், பொருள் அகரவரிசைப் பட்டியலில்) அவர் பெயரைப் பிடித்துக்கொண்டு கேள்வி நேரத்தைப் படியுங்கள். கிராமத்து உறுப்பினர்கள் நீண்ட உரை ஆற்றியது குறைவு. எந்தப் பாலத்துக்காகக் கேட்டார், எந்த ஏரிக்கரை உடைந்ததைப் பற்றிக் கேட்டார், ரயத்துகளின் (குடியானவர்களின்) தீர்வையைப் பற்றி என்ன கேட்டார் என்பது கேள்விகளில் கிடக்கும். உங்கள் நூலுக்கு உயிர் அங்கேதான் இருக்கிறது.

ராவ் பகதூர் பட்டத்துக்கு ஆதாரம் இந்திய அரசாங்கக் கெஜட். ஆண்டுக்கு இருமுறை, புத்தாண்டு நாளிலும் ஜூன் மாதம் மன்னர் பிறந்தநாளிலும், பட்டியல் வெளியாகும். பெயருக்கு அருகே வகித்த பதவியும் பெரும்பாலும் அச்சாகியிருக்கும். ஆகவே போர்டு விவரம் ஒன்றுமே கிடைக்காதவர்கள் பட்டத்திலிருந்து பின்னோக்கிப் போகலாம்.

தேடும்போது எழுத்தில் ஏமாறாதீர்கள். ரெட்டியார் ‘ரெட்டி’ என்றும் கவுண்டர் ‘கவுண்டன்’ என்றும் நாயக்கர் ‘நாயக்கன்’ என்றும் இருப்பார். முன்னெழுத்து ஒரு தாளில் ஊர்ப் பெயராகவும் இன்னொன்றில் தந்தை பெயராகவும் இருக்கும்.

இனி அந்த முன்பண ஆசாமி. இப்படிப்பட்டவர்கள் தருவது பெரும்பாலும் தட்டச்சு செய்த ‘நகல்’. அதில் அரசாணை என்று இருக்கும். எண் இருக்காது, துறை இருக்காது. உண்மையான அரசாணைக்கு மூன்று அடையாளம் வேண்டும்: எண், துறை, தேதி. அவர் தரும் தாளில் இந்த மூன்றும் இல்லையென்றால் அது குப்பை. உள்ளாட்சி விஷயங்களுக்குத் துறை ‘லோக்கல் அண்ட் முனிசிபல்’, பின்னாளில் ‘லோக்கல் செல்ஃப் கவர்ன்மென்ட்’ என்று இருக்கும். இன்னொரு வலை: ‘தாத்தாவைத் தியாகி என்று பதிவு செய்து பென்ஷனும் சலுகையும் வாங்கித் தருகிறேன்’ என்பார்கள். போர்டு மெம்பராக இருந்தது தியாகி பென்ஷனுக்குத் தகுதி ஆகாது. அதற்குச் சிறைவாசம் போன்ற ஆதாரம் வேண்டும், அந்தப் பென்ஷன் கொள்ளுப்பேரன் வரை இறங்குவதும் இல்லை. கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

போக வேண்டிய இடம் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அடையாளச் சான்றும், எதற்காகத் தேடுகிறீர்கள் என்ற விண்ணப்பமும் கொண்டு போங்கள். அனுமதி விதிகளை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ‘என் தாத்தாவைப் பற்றி இருப்பதைக் கொடுங்கள்’ என்று கேட்டால் ஒன்றும் வராது. ஆண்டுவாரிச் சுட்டியைப் பார்த்து, அரசாணை எண்ணோடு சீட்டு எழுத வேண்டும். அச்சான கெஜட்டுகளுக்குக் கன்னிமாரா நூலகத்தையும் பாருங்கள். வீட்டிலிருந்தபடி தொடங்க, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் இருக்கிறது.

‘கோப்பு இல்லை’ என்ற பதில் வந்தால் எரிச்சல் வரும், நியாயம்தான். நூறாண்டுத் தாள்களுக்கு ஒழுங்கான பொதுச் சுட்டி ஒன்றை இணையத்தில் ஏற்ற இத்தனை காலமா என்று கேட்கத்தான் தோன்றும். ஆனால் கலெக்டர் அலுவலகத் தாள்களில் பல விதிப்படியே அழிக்கப்பட்டவை. கோப்பை எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்பதற்கு எண்ணுக்கு முன்னால் ஒரு குறி போடுவார்கள்: ‘எல்.டிஸ்’ இருந்தால் ஓராண்டு, ‘கே.டிஸ்’ மூன்றாண்டு, ‘டி.டிஸ்’ பத்தாண்டு, ‘ஆர்.டிஸ்’ மட்டுமே நிரந்தரம். ஆகவே பழைய தாள் எதிலாவது ஆர்.டிஸ் எண் கண்ணில் பட்டால் உடனே குறித்துக்கொள்ளுங்கள். மற்றவற்றுக்காக நடையாய் நடக்க வேண்டாம்.

இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று: வீட்டுப் பெட்டியில் இருக்கும் பழைய கிரயப் பத்திரங்களை எடுங்கள். எழுதிக்கொடுத்தவர், வாங்கியவர் பெயரோடு தகப்பனார் பெயர், ஊர், தொழில் எழுதும் வழக்கம் இருந்ததால், ‘ஜில்லா போர்டு மெம்பர்’ என்றே எழுதியிருக்கலாம். அது அவராகச் சொல்லி எழுதியது என்பதால் ஆதாரமாக ஏற்க முடியாது. ஆனால் பத்திரத்தின் தேதி, கெஜட்டில் எந்த ஆண்டைப் புரட்ட வேண்டும் என்பதைக் காட்டிக் கொடுக்கும்.