கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: சாராகர்ஹி கோட்டையில் 21 சீக்கியர்கள் பத்தாயிரம் பேரை எதிர்த்து நின்றார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. உண்மையா? வெறும் 21 பேருக்கு எதற்கு ஒரு கோட்டை?
- சிவகாசி வாசகர்

பதில்: சண்டை உண்மை. 1897 செப்டம்பர் 12 அன்று, ஆப்கன் எல்லையை ஒட்டிய சமானா மலைத்தொடரில், பிரிட்டிஷ் இந்தியப் படைக்கும் எல்லைப் பழங்குடிகளுக்கும் நடந்தது. பத்தாயிரம் என்பது அன்றைய கணிப்பு. யாரும் தலையை எண்ணிப் பார்க்கவில்லை. அந்த வாட்ஸ்அப் செய்தியின் வாலில் வரும், யுனெஸ்கோ வீரப் பட்டியலில் சேர்த்தது என்கிற பேச்சு மட்டும் புரளி.

கோட்டை என்றதும் செஞ்சியை நினைத்துக்கொள்ளாதீர்கள். கல்லில் கட்டிய ஒரு காவல் வீடு, சுட ஓட்டை வைத்த மதில், சமிக்ஞை கொடுக்க ஒரு கோபுரம், மரக்கதவு. அவ்வளவுதான். அந்த மலையில் லாக்ஹார்ட், குலிஸ்தான் என்று இரண்டு பெரிய கோட்டைகள் இருந்தன. நடுவில் மேடு மறைத்ததால் ஒன்றுக்கொன்று கண்ணில் படாது. இரண்டும் தெரியும் மேட்டில் சாராகர்ஹியைக் கட்டி, ஹீலியோகிராஃப் வைத்தார்கள். வெயிலைக் கண்ணாடியில் பிடித்து மோர்ஸில், அதாவது புள்ளி-கோடு குறியீட்டில், மினுக்கும் கருவி. இங்கிருந்து வாங்கி அங்கே கொடுப்பதுதான் இந்த 21 பேரின் வேலை.

நான் ராணுவ சிக்னல்ஸில் இருந்தவன், ஜபல்பூரில் மோர்ஸ் படித்தவன். அதனால் இந்தக் கதையில் என் கண் போவது சிப்பாய் குர்முக் சிங் மேல்தான். ஒருவர் படிக்க, ஒருவர் எழுத, ஒருவர் அனுப்ப என்று ஆள் வேண்டிய வேலை. அவர் தனியாகச் செய்தார். காலை ஒன்பது மணிவாக்கில் தாக்குதல் தொடங்கியதிலிருந்து லாக்ஹார்ட்டில் இருந்த கர்னல் ஹாட்டனுக்குச் செய்தி போய்க்கொண்டே இருந்தது. உதவிக்கு வர வழியில்லை என்று பதிலும் வந்தது.

ஒரு விஷயம்தான் மனதை அரிக்கிறது. மதில் மூலையில் உள்ளிருந்து சுட முடியாத ஒரு மறைவு. தாக்க வந்த ஒராக்சாய், அஃப்ரிதி பழங்குடி ஆட்கள் அங்கே ஒண்டிச் சுவரைத் தோண்டினார்கள். அது குலிஸ்தானில் இருந்த மேஜர் டிவோவுக்குத் தெரிந்தது, சமிக்ஞையும் காட்டினார். குர்முக் சிங்கோ லாக்ஹார்ட் பக்கம் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் பார்க்கக் கட்டிய இடத்தில், ஒரு பக்கம் பார்க்க ஆளில்லை. ஆளைக் குறைத்துக் கணக்குப் போட்ட மேலிடத்தைத்தான் நான் குற்றம் சொல்வேன்.

சுவர் சரிந்ததும், கருவியை மூடிவிட்டுத் துப்பாக்கி எடுக்க குர்முக் சிங் அனுமதி கேட்டார். கிடைத்தது. கண்ணாடியைப் பையில் கட்டிவைத்துவிட்டுத்தான் சண்டைக்குப் போனார். மாலைக்குள், தலைமை தாங்கிய ஹவில்தார் ஈஷர் சிங் உட்பட யாரும் மிஞ்சவில்லை. ஆனால் அந்த ஒரு பகல் தாமதமானதில் குலிஸ்தான் தப்பியது.

கேள்வி: பரம்வீர் சக்ரா கொடுத்தார்களா?
- அறந்தாங்கி வாசகி

பதில்: அது சுதந்திர இந்தியாவின் விருது அம்மா, அப்போது ஏது? 21 பேருக்கும் 'இந்தியன் ஆர்டர் ஆஃப் மெரிட்' கொடுத்தார்கள். இந்தியச் சிப்பாய்க்கு அன்று எட்டிய உச்சம் அதுதான். பிரிட்டனின் உச்ச வீர விருதான விக்டோரியா கிராஸ் 1911-இல்தான் நம்மவர்களுக்குத் திறந்தது. கூட இருந்து செத்த தாத் என்ற வேலையாளுக்கு விருது இல்லை, படைவீரர் இல்லையாம்!

இடம் இப்போது பாகிஸ்தானில். நினைவு குருத்வாராக்கள் அமிர்தசரஸிலும் பெரோஸ்பூரிலும் இருக்கின்றன. பஞ்சாப் போனால் எட்டிப் பாருங்கள்.