மகளுக்கு நானே கார் ஓட்டக் கற்றுத்தரலாமா?

கேள்வி: மகளுக்கு 18 வயது. பயிற்சிக்கு ஆகும் செலவைக் கேட்டதும் தலை சுற்றுகிறது. 30 வருடமாகக் கார் ஓட்டும் நானே சொல்லிக்கொடுத்து, சோதனைக்கு மட்டும் அனுப்பினால் என்ன? கட்டாயப் பயிற்சி என்பதே காசு பிடுங்கத்தானே?
– ஒரு தந்தை, பட்டர்வொர்த்

பதில்: முடியாது ஐயா. பழகுபவருக்கான ‘எல்’ லைசென்சில் ஓட்டும்போது அனுமதி பெற்ற பயிற்றுநர் பக்கத்தில் இருக்கவேண்டும். கம்ப்யூட்டர் சோதனையில் 50க்கு 42 எடுத்து, பயிற்சி மணிநேரத்தையும் முடித்தால்தான் ஜேபிஜே (மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறை) சோதனைக்கே போகலாம்.

சட்டம் கிடக்கட்டும், என் கதையைக் கேளுங்கள். பினாங்கில் 22 வருடம் கன்சில் காரில் சொல்லிக்கொடுத்தவன் நான். என் மகளுக்கும் நானே பழக்கலாம் என்று, வீட்டு வீரா காரில் ஒரு காலித் திடலுக்குக் கூட்டிப்போனேன். கிளட்சைச் சட்டென்று விட்டாள். கார் குதித்துக்கொண்டு லோங்காங்கை (சாக்கடையை) பார்த்து ஓடியது. பயிற்சிக் காரில் இடப்பக்கமும் ஒரு பிரேக் உண்டு. பழக்கதோஷத்தில் ஓங்கி மிதித்தேன், காலுக்கடியில் வெறும் கார்ப்பெட்! “பிரேக்! பிரேக்!” என்று நான் கத்த, அவள் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள். முன்சக்கரம் இறங்கிவிட்டது. வேற்றுப் பிள்ளைகளிடம் இருந்த பொறுமை பெற்ற பிள்ளையிடம் எங்கே போனதோ! மறுநாளே வேறொரு பயிற்றுநரிடம் சேர்த்துவிட்டேன்.

ஆனால் உங்கள் கோபத்திலும் பாதி நியாயம் இருக்கிறது. ‘கம்பம் கண்ணாடி மூலைக்கு வந்ததும் ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பு’ – சைட் பார்க்கிங்கை இப்படித்தான் சொல்லித்தருகிறோம், நானும்தான். சோதனையில் பாஸாகலாம், கடைத்தெருவில் எந்தக் கம்பத்தைத் தேடுவது? மணிநேரத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பாதியிலேயே வீட்டுக்கு அனுப்பும் ஆட்களும் உண்டு. மகள் திரும்பியதும் “எந்த ரோட்டில் ஓட்டினாய், எவ்வளவு நேரம்?” என்று கேளுங்கள். கொடுத்த காசுக்கு அதைக் கேட்கலாம். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஒரு நாளாவது ரோட்டுக்குக் கூட்டிப்போகவும் சொல்லுங்கள்.

சோதனையில் பாஸாகி, புது ஓட்டுநருக்கான ‘பி’ லைசென்ஸ் கைக்கு வந்ததும் உங்கள் முறை. காரின் முன்னும் பின்னும் ‘பி’ ஸ்டிக்கரோடு இரண்டு வருடம் இருக்கிறதே! மழை நாளில் பினாங்கு பாலம், மோட்டார் சைக்கிள்கள் சூழ்ந்துவரும் காலை நேரம், தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் பூலாவ் போகும் மலை வளைவுகள் – இவற்றுக்கெல்லாம் பக்கத்தில் உட்காருங்கள். வாயை மட்டும் கொஞ்சம் கட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆட்டோ லைசென்ஸ் போதுமா, மேனுவலே எடுக்கட்டுமா?
– கல்லூரி மாணவி, ஜெலுத்தோங்

பதில்: ‘டிஏ’ எடுத்தால் ஆட்டோ மட்டும்தான் ஓட்டலாம், ‘டி’ எடுத்தால் இரண்டும். வீட்டில் நிற்பது ஆட்டோ மைவி என்றால் ‘டிஏ’ போதும், புக்கிட்டில் (மேட்டில்) கிளட்சோடு மல்லுக்கட்டும் வேலை மிச்சம். தாத்தாவின் பழைய கன்சில் மேல் கண் இருந்தால் ‘டி’ எடுத்துவிடு, அம்மா.