மிதமிஞ்சிச் சாப்பிடும் பழக்கத்தை, குடியை விடுவது போல ஒரேயடியாக விட முடியுமா?

முடியாது. மதுவைத் தொடாமல் வாழலாம், சோற்றைத் தொடாமல் முடியாது. அடங்காத ஏக்கம், ஒளித்துச் செய்வது, பிறகு வரும் குற்ற உணர்வு எல்லாம் இரண்டுக்கும் பொதுதான். ஆனால் குடிக்கு மருந்தாகும் முழு விலகல் இங்கே நோயை வளர்க்கும். காலையில் பட்டினி, மதியம் வெறும் சாலட், இரவு பிஜி விடுதி அறையில் தனியாக இரண்டு பிரியாணி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பகல் பட்டினிதான் இரவு வெறியைக் கிளப்புகிறது.

ஆகவே மூன்று வேளை உணவு, நடுவில் இரண்டு சிற்றுண்டி; 4 மணி நேரத்துக்கு மேல் வயிற்றைக் காயப்போடாதீர்கள். முந்தைய இரவு எல்லை மீறியிருந்தாலும் காலை இட்லியைத் தவிர்க்கக் கூடாது. பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். சாப்பிட்ட நேரம், இடம், மனநிலையை உடனே எழுதுங்கள். கலோரிக் கணக்கு வேண்டாம். எடை பார்ப்பது வாரம் ஒருமுறை போதும். உந்துதல் வந்தால் 20 நிமிடம் வெளியே நடங்கள், பெரும்பாலும் தானே தணியும்.

இப்படி மிதமிஞ்சிச் சாப்பிடுவது வாரம் ஒருமுறையாவது, 3 மாதமாக நடந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (பேச்சு வழியாக எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் முறை) நல்ல பலன் தரும். பெங்களூரு ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறீர்கள் என்றால் தள்ளிப்போடவே வேண்டாம். பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தடுமாறக்கூடும்.