மேடை மறுக்கப்பட்ட பெண்கள்

கேள்வி: எங்கள் ஊரில் தோள்சீலைப் போராட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், அதே காலத்தில் அமெரிக்காவில் நடந்த அடிமை ஒழிப்பையும் பெண்ணுரிமையையும் சேர்த்தே சொல்கிறார்கள். அவ்விரண்டும் தனித்தனி இயக்கங்களா? இங்கு நடந்ததற்கு அவைதாம் தூண்டுதலா?
– ஒரு வாசகி, தக்கலை

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். அன்றைய திருவிதாங்கூரின் கல்குளம், இரணியல் பகுதிகளில், நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்கான தோள்சீலைப் போராட்டம் 1822-லேயே தொடங்கிவிட்டது. வில்லியம் லாயிட் கேரிசன் பாஸ்டனில் அடிமை ஒழிப்புக்காகத் தம் இதழைத் தொடங்கியதோ 1831-இல்தான். நம் பாட்டிமார் யாரிடமும் பாடம் கேட்டுக்கொண்டு எழுந்தவர்கள் அல்லர்.

அமெரிக்காவைப் பொறுத்தவரை, பெண்ணுரிமை இயக்கம் பெருமளவுக்கு அடிமை ஒழிப்பு இயக்கத்தின் வயிற்றில் பிறந்தது. தென் கரோலினாவில் அடிமைகளை வைத்திருந்த செல்வக் குடும்பத்தில் பிறந்த சாரா, ஏஞ்சலினா கிரிம்கே சகோதரிகள், கண்ணால் கண்ட கொடுமையைச் சகிக்காமல் வடக்கே சென்று, 1837-இல் மாசசூசெட்ஸ் ஊர்களில் ஆண்களும் பெண்களும் கூடிய அவைகளில் பேசியபோது, அங்கிருந்த சபைப் போதகர்கள் அடிமை முறையைவிடப் பெண்கள் மேடையேறியதைக் கண்டே அதிகம் கலங்கி, கண்டனக் கடிதம் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு ஃபிலடெல்பியாவில் புதிதாகக் கட்டப்பட்ட அரங்கில் ஏஞ்சலினா பேசிக்கொண்டிருக்கும்போதே வெளியே திரண்ட கும்பல் கல்லெறிந்தது. அவர் பேச்சை நிறுத்தவில்லை. மறுநாள் இரவு, திறந்து நான்கே நாட்களான அந்த அரங்கம் தீக்கிரையானது. அடிமைக்காக வாய் திறக்க வேண்டுமென்றால், வாய் திறக்கும் உரிமைக்காகவே முதலில் போராட வேண்டும் என்பதை அந்தப் பெண்கள் இப்படித்தான் அறிந்தார்கள்.

1840-இல் லண்டனில் கூடிய உலக அடிமை ஒழிப்பு மாநாடும் பெண் பிரதிநிதிகளை ஏற்க மறுத்தது. அங்கே அறிமுகமான லுக்ரீஷியா மோட், எலிசபெத் கேடி ஸ்டான்டன் ஆகியோரும் தோழியர் சிலரும் சேர்ந்து 1848 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் செனிகா ஃபால்ஸ் என்னும் சிற்றூரில் கூட்டிய பெண்ணுரிமை மாநாட்டின் அறிக்கையில் 68 பெண்களும் 32 ஆண்களும் கையெழுத்திட்டார்கள். வாக்குரிமைத் தீர்மானம் மட்டும் தோற்றுவிடும் நிலையில் இருந்தது. அதற்காக எழுந்து பேசி அதைக் காத்தவர், பத்தாண்டுகளுக்கு முன் அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த ஃபிரடெரிக் டக்ளஸ். இந்த வரலாற்றில் என் மனம் மிகவும் தோயும் இடம் இதுவே.

இரண்டு இயக்கங்களுக்கும் இடையிலான அந்த உறவு நீடிக்கவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. 1870-இல் நடைமுறைக்கு வந்த 15-ஆம் அரசியலமைப்புத் திருத்தம், இனத்தின் பெயரால் வாக்குரிமையை மறுப்பதைத் தடுத்ததே தவிர, பெண்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதை ஆதரிப்பதா எதிர்ப்பதா என்ற பூசலில் பெண்கள் இயக்கம் 1869-இலேயே இரண்டாகப் பிளந்தது. அப்போது ஸ்டான்டன் கறுப்பின ஆண்களை இழிவாகப் பேசியது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. நம் பகுதியிலும் 1859 ஜூலை 26-ஆம் நாள் வந்த திருவிதாங்கூர் அரசாணை, நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல் உடுத்தக் கூடாது என்று பாதி உரிமையைத்தான் தந்தது. அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை கிடைத்தது 1920-இல்; தென் மாநிலங்களின் கறுப்பினப் பெண்களில் மிகப் பலருக்கு அது கைக்கு வந்து சேர 1965-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வேண்டியிருந்தது.