ஆர்டர் நிலையை உடனுக்குடன் திரையில் காட்ட வெப்சாக்கெட் கட்டாயமா?

ஆர்டர் நிலை மாறியதும் வாடிக்கையாளரின் திரையில் தானாகவே தெரிய வேண்டும், அதற்கு வெப்சாக்கெட் (பிரவுசரும் சர்வரும் இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளும் திறந்த இணைப்பு) போடுவதா, ஒரு சர்வர் எத்தனை இணைப்பைத் தாங்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வெப்சாக்கெட் தேவையில்லை. செய்தி சர்வரிலிருந்து பிரவுசருக்கு மட்டுமே போகிறது என்றால் எஸ்எஸ்இ (சர்வர்-சென்ட் ஈவென்ட்ஸ்) தாராளமாகப் போதும். அது முடியாமல் நீண்டுகொண்டே போகும் ஒரு சாதாரண ஹெச்டிடிபி பதில்தான். சாட், விளையாட்டு மாதிரி இரண்டு பக்கமும் ஓயாமல் பேச வேண்டிய வேலை வந்தால் வெப்சாக்கெட்டுக்குப் போங்கள்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் நான் இதைச் செய்தபோது, என் லேப்டாப்பில் அருமையாக ஓடியது. சர்வரில் ஏற்றியதும் செய்திகள் கொத்துக் கொத்தாக வந்து விழுந்தன. ஒரு நிமிடம் செய்தி இல்லையென்றால் இணைப்பே அறுந்தது. பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவில் நின்று தகவலைக் கடத்தும் ப்ராக்ஸியின் அமைப்புகளை நான் தொடவே இல்லை, அதுதான் காரணம். ப்ராக்ஸியாக என்ஜின்எக்ஸ் வைத்திருந்தால், இந்தச் செய்திகள் போகும் யூஆர்எல் பாதைக்கு மட்டும் பஃபரிங்கை (பதிலைச் சேர்த்துவைத்து மொத்தமாக அனுப்புவதை) நிறுத்துங்கள். பின்னால் இருக்கும் சர்வர் 60 விநாடி எதுவும் அனுப்பாவிட்டால், அமைப்பை மாற்றாதவரை என்ஜின்எக்ஸ் இணைப்பை மூடிவிடும். அதனால் 15 விநாடிக்கு ஒருமுறை முக்காற்புள்ளியில் (:) தொடங்கும் ஒரு குறிப்பு வரியை அனுப்புங்கள். பிரவுசர் அதைக் கண்டுகொள்ளாது, இணைப்பு உயிரோடு இருக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல், இணைப்பு அறுந்திருந்த நேரத்தில் போன செய்தி. வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறும் அந்தச் சில விநாடிகளில் 'டெலிவரி ஆகிவிட்டது' என்ற செய்தி போய்விட்டால், வாடிக்கையாளர் திரையில் 'வழியில் உள்ளது' என்றே நிற்கும். எங்களுக்கு அப்படித்தான் நடந்தது. பொருளைக் கையில் வைத்துக்கொண்டே ஒருவர் போன் செய்து எங்கே என் பார்சல் என்று கேட்டார். ஆகவே ஒவ்வொரு செய்திக்கும் ஒரு எண் கொடுங்கள். பிரவுசர் தானே மறுபடி இணையும்போது, கடைசியாக வாங்கிய எண்ணையும் ஹெட்டரில் (கோரிக்கையோடு போகும் கூடுதல் தகவலில்) சொல்லும். கடைசிச் சில நிமிடச் செய்திகளை ரெடிஸ் மாதிரி மெமரியிலேயே தகவலை வைக்கும் ஒரு டேட்டாபேஸில் வைத்திருந்து, விட்டுப்போனதை முதலில் அனுப்புங்கள். ரொம்பப் பழைய எண் வந்தால் ஆர்டரின் இப்போதைய முழு நிலையையே அனுப்பிவிடுங்கள். முதல் நாளிலேயே இதை எழுதிவிடுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

எண்ணிக்கையைப் பற்றிப் பயப்பட வேண்டாம். சும்மா திறந்திருக்கும் இணைப்பு பெரும்பாலும் மெமரியைத்தான் பிடிக்கும். வாட்ஸ்அப் 2012-லேயே எர்லாங் என்ற நிரல் மொழியைக் கொண்டு ஒரே மெஷினில் 20 லட்சம் இணைப்புகளைத் தாண்டியது. இணைப்புக்கு ஒரு த்ரெட் (தனியாக ஓடும் வேலைத்தொடர்) என்று ஒதுக்கும் சர்வரைத் தவிருங்கள். லினக்ஸில் ஒவ்வொரு இணைப்பும் ஒரு திறந்த ஃபைலாகவே கணக்காகும்; பல லினக்ஸ் அமைப்புகளில் ஒரு ப்ராசஸ் (ஓடும் நிரல்) திறக்கக்கூடிய ஃபைல் வரம்பு 1024 என்றே இருக்கும், அதை உயர்த்துங்கள். ஹெச்டிடிபி/2 கட்டாயம் வையுங்கள். பழைய 1.1-இல் பிரவுசர் ஒரு டொமைனுக்கு 6 இணைப்புதான் திறக்கும், ஏழாவது டேப் திறந்தால் அப்படியே தொங்கி நிற்கும்.

லைவுக்குப் போகும் முன் போனை ஏரோபிளேன் மோடில் இரண்டு நிமிடம் போட்டு, அதற்குள் ஆர்டர் நிலையை மூன்று முறை மாற்றிப் பாருங்கள். திரும்ப இணைந்ததும் மூன்றும் வரிசையாக வர வேண்டும்.