எம்எல்எச்1 மெத்திலேஷன்னு வந்தா பரம்பரை நோயா?

அம்மாவோட பெருங்குடல் கட்டி ரிப்போர்ட்ல எம்எல்எச்1ங்கற ஜீன் தயாரிக்கற புரோட்டீன் இல்ல, புரோமோட்டர் மெத்திலேஷன் பாசிட்டிவ்னு போட்டிருக்கு, இது எனக்கும் தங்கச்சிக்கும் வருமான்னு கேட்டிருந்தீங்க. சகோ, அந்த பாசிட்டிவ் பெரும்பாலும் நிம்மதி தர்ற வரிதான்.

மெத்திலேஷன்னா ஜீன்ல எழுத்து மாறுறது இல்ல. டிஎன்ஏல சி எழுத்து மேல சின்னதா ஒரு மெத்தில் குரூப் ஒட்டிக்கும், அது ஜீனோட சுவிட்ச் பகுதியான புரோமோட்டர்ல கும்பலா ஒட்டிட்டா ஜீன் நல்லா இருந்தாலும் செல்லால அத படிக்க முடியாம ஆஃப் ஆயிடும். எம்எல்எச்1 வேலையே செல் பிரியறதுக்கு முன்னாடி டிஎன்ஏவ காப்பி எடுக்கறப்ப வர்ற பிழைய திருத்துறதுதான், அதுவே ஆஃப் ஆனா பிழை மேல பிழை சேந்து கடைசில கேன்சர் வரைக்கும் போகுது. (வேடிக்கை என்னன்னா கேன்சர் செல்ல சில ஜீன் மேல இப்படி கூடுறப்பவே மத்த டிஎன்ஏல மெத்திலேஷன் குறையும், அந்தக் குறையறத 1983லயே பாத்துட்டாங்க.)

எம்எல்எச்1 மேல வர்ற இந்த மெத்திலேஷன் பொதுவா வயசான பிறகு கட்டிக்குள்ள மட்டும் நடக்கறது. லிஞ்ச் சிண்ட்ரோம்ங்கற பரம்பரை வகைல பிறவிலேர்ந்தே மியூட்டேஷன், அதாவது ஜீன் எழுத்துலயே மாற்றம், இருக்கும். கட்டில பிராஃப்ங்கற இன்னொரு ஜீன்ல வி600இங்கற மாற்றம் இருக்கான்னு டெஸ்ட் பண்ணாங்களா பாருங்க, அதுவும் பாசிட்டிவ்னா பரம்பரை சான்ஸ் ரொம்ப கம்மி. ஆனா அம்மாவுக்கு சின்ன வயசுலயே வந்திருந்தாலோ, குடும்பத்துல வேற யாருக்காவது குடல், கர்ப்பப்பை கேன்சர் இருந்தாலோ ஜெனடிக் கவுன்சிலர பாத்து ரத்தத்துலயும் மெத்திலேஷன் இருக்கான்னு கேளுங்க, அபூர்வமா அப்படி கட்டிக்கு வெளியவும் இருக்கும், அப்ப பரம்பரையா வர வாய்ப்பு உண்டு. எப்படியிருந்தாலும் பெத்தவங்களுக்கு வந்ததால நீங்க ரெண்டு பேரும் கொலோனோஸ்கோபி (கேமரா விட்டு பெருங்குடல பாக்கற டெஸ்ட்) எந்த வயசுல ஆரம்பிக்கணும்னு டாக்டர்ட்ட கேட்டு வெச்சுக்கோங்க.