பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பினால் எழுத்தை விட்டுவிடலாமா?

அனுப்பிய கதைகள் திரும்பி வருகின்றன, எழுத்தை விட்டுவிடலாமா என்று எனக்கு எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள். மூன்று வருடத்தில் ஒன்பது கதைகள் திரும்பி வந்ததை வைத்து முடிவெடுக்க முடியாது. அமெரிக்க எழுத்தாளர் ஆக்டேவியா பட்லரைப் பாருங்கள். அம்மா பிறர் வீடுகளில் வேலை செய்தவர். 1970 வாக்கில் இவருடைய இரண்டு சிறுகதைகள் விலைபோயின. அப்புறம் ஐந்து வருடம் எதுவுமே விற்கவில்லை. முதல் நாவல் வந்தது 1976இல்.

அந்த ஐந்து வருடமும் பாத்திரம் கழுவினார், தொலைபேசியில் பொருள் விற்றார், தொழிற்சாலையில் உருளைக்கிழங்கு சிப்ஸைத் தரம் பார்த்தார். ஆனால் விடிகாலை இரண்டு மணிக்கு எழுந்து எழுதிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். மூளையை அதிகம் கேட்காத வேலைகளையே தேடிக்கொண்டார். 1995இல், சிறந்த படைப்பாளிகளுக்கும் அறிஞர்களுக்கும் அமெரிக்காவில் தரப்படும் மெக்ஆர்தர் நல்கை அவருக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் அவர்தான்.

இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்தால் ஒரு பத்தியும் நகரவில்லை என்கிறீர்கள். திறமைக் குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை, நேரம்தான் தப்பு. நாளின் மிச்சத்தை எழுத்துக்குக் கொடுக்கிறீர்கள்.

இரண்டு வாரம் இப்படிச் செய்து பாருங்கள்:

1. வேலைக்குக் கிளம்பும் முன் நாற்பது நிமிடம் எழுதுங்கள், கைபேசி வேறு அறையில் இருக்கட்டும்.
2. முடிந்ததும் எத்தனை வரி என்று குறித்து, பழைய இரவுப் பக்கங்களோடு ஒப்பிடுங்கள்.

ஒன்று மட்டும்: இரண்டு மணிக்கு எழுவதை அப்படியே பின்பற்ற வேண்டாம். வீட்டில் கைக்குழந்தை என்று எழுதியிருக்கிறீர்கள், தூக்கத்தை வெட்டினால் உடம்பு கெடும். இரவில் சீக்கிரம் படுக்க வழியிருந்தால் மட்டும் இதைத் தொடங்குங்கள்.